மொட்டு விடாத செம்பருத்தி

“இன்னிக்கும் பூத்திருக்கு, வந்து பாரேன்!”

தையல்காரர் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டதுமே எதிர்வீட்டுக்காரி பயந்துகொண்டே உள்ளே வந்தாள்.

ஜன்னலே இல்லாத ஹால். பகலிலும் டியூப்லைட். மூலையில் தொட்டிச் செம்பருத்தி. வெளுத்த இலைகள், நோஞ்சான் தண்டு. உச்சியில் மட்டும் ரத்தச் சிவப்பாய் ஒரு பூ.

நேற்று சாயங்காலம்தான் இவள் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு மொட்டு கிடையாது. விடிந்தால் பூ மட்டும் எங்கிருந்து வரும்?

“வெயில் படாம செம்பருத்தி பூக்காதே அக்கா. பால்கனியில வைக்கலாம்ல?”

“பையன் வெச்ச இடம்டி. நகர்த்த மாட்டேன். இது பூக்கிற வரைக்கும் அவன் எங்கேயோ நல்லா இருக்கான்.”

கப்பல் வேலைக்குப் போன பையன். ஏழு மாதமாய்க் கப்பலைக் காணோம், அவனைப் பற்றித் தகவலும் இல்லை.

தையல்காரர் ஒரு சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. பெண்டாட்டி செடியோடு பேசுகிறாள், இந்த மனுஷனுக்குச் சட்டைதான் பெரிசு!

அவர் தைத்த துணியைக் கொடுக்கக் கிளம்பினார். அக்கா அடுப்படிக்குப் போனாள்.

இவள் மெல்லக் கையை நீட்டிப் பூவைத் தொட்டாள்.

கையோடு வந்துவிட்டது.

பதறிப்போய்ப் பூவை உதறப் போனாள். அப்புறம்தான் பார்த்தாள். காம்பைச் சுற்றிப் பச்சை நூல். நாலு சுற்று. கடைசியில், பொத்தான் தைத்து முடிக்கும்போது போடுகிற அதே முடிச்சு.

பயம் போய் ஆத்திரம் வந்தது.

“அக்கா! உங்க வீட்டுக்காரர் பண்ற வேலையைப் பாருங்க! பெத்தவளை இப்படியா ஏமாத்துவாங்க?”

அக்கா பதறவில்லை. பூவை வாங்கினாள். அதே கிளையில், அதே நாலு சுற்று, அதே முடிச்சு. கை பிசகவில்லை.

“முடிச்சு மாறினா கண்டுபிடிச்சுடுவார்.”

“அப்போ... உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். மொட்டில்லாம பூ பூக்கும்னு நம்ப நான் என்ன பைத்தியமா?”

“அப்புறம் எதுக்கு தினம் என்னைக் கூப்பிட்டுக் காட்டறீங்க?”

“அவர் காதுல விழணும்ல.”

அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் கப்பல் கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. நல்லவேளை, நான்தான் எடுத்தேன்.”