ஒரே மண்பாதை

விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு ரோகினி எழுந்தாள். ஏழு மணிக்கும் எழுப்ப முடியாத கணவன் சுகுமாறன், குளித்து வேலைச் சட்டையோடு நின்றான்.

“எங்கய்யா போற? எஸ்டேட் இடுகாட்ட ஒடைக்கத்தானே?”

அவன் மண்வாரி இயந்திரத்தின் சாவியை எடுத்தான்.

“எட்டு மணிக்குத்தான் வேலைன்னு மொதலாளி சொன்னாருலா! அதுக்குள்ள என்ன அவசரம்? நம்ம மொதப் புள்ள அங்கதான்யா படுத்திருக்கு!”

“கத்தாத” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான்.

ரோகினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி இவனோடு வாழ்வதில்லை என்று முடிவே செய்துவிட்டாள். எட்டு மணிக்கு லயத்து வீடுகளின் பெண்களைத் திரட்டிக்கொண்டு இடுகாட்டுக்கு ஓடினாள்.

அங்கே லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இடுகாட்டுக்குப் போகும் ஒரே மண்பாதையின் குறுக்கே ஆளுயரப் பள்ளம் வெட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் மண்வாரியின் மேல் சுகுமாறன் உட்கார்ந்திருந்தான்.

“யாருடா இங்க வெட்டச் சொன்னது?” என்று முதலாளி கத்தினார்.

“என் புள்ள கெடக்குற எடம் மொதலாளி. ஒரு லாரியும் உள்ள வராது.”

“இதச் சொல்லிட்டுப் போனா வாயா வலிக்கும்?” என்று ரோகினி அவனைப் பார்த்துக் கத்தினாள். கத்திய வேகத்திலேயே முதலாளியின் பக்கம் திரும்பி, முதல் லாரியின் முன்னால் போய் நின்றாள்.