பட்டன் நானே போட்டுக்குவேன்

“சட்டைக்குப் பட்டன் நீங்களே போட்டுக்கிறீங்களா ஐயா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! தையல்காரன்கிட்டயே பட்டன் போட வருமான்னு கேட்கிறீங்களே டாக்டரம்மா” என்று சிரித்தார் தையல்காரர்.

டாக்டர் தன் தாளில் ஒரு மார்க் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று காலையில் அந்தச் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டது யாராம்?

“துணையில்லாம நடக்கிறீங்களா?”

“ஜம்முனு நடக்கிறேன்.”

இன்னொரு மார்க். அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“புளுகு, டாக்டரம்மா! அத்தனையும் புளுகு! நேத்து வாசப்படியில தடுக்கி விழுந்தாரு. ராத்திரியெல்லாம் தலைவலின்னு முனகுறாரு. இவருக்கு அன்னிக்கு...”

“ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்கம்மா!” டாக்டர் பதறிப்போனார். “தலையில ரத்தம் கட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மாத்திரை. எது மேல்னு பார்க்கிற ஆராய்ச்சி இது. ஐயாவுக்கு எதைப் பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். தழும்பு கண்ணுல படக் கூடாதுன்னுதானே எல்லாருக்கும் குல்லா மாட்டி உட்கார வைக்கிறோம்?”

பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, உங்க பதிலை வச்சுத்தான் நாளைக்கு வர்றவங்களுக்கு வைத்தியம். நீங்க மூடி மறைச்சா அது அவங்க தலையிலதான் விடியும்.”

தையல்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“ரெண்டு நாளா இடது கால் இழுக்குதும்மா. ஊசியில நூல் கோர்க்க வரல. பட்டனும் இவதான் போட்டுவிடறா.”

“இப்பவாவது வாயைத் திறந்தீங்களே! மறுபடி ரத்தம் கட்டுதான்னு உடனே ஸ்கேன் எடுத்துடலாம். சீக்கிரம் பார்த்துட்டா சரி பண்ணிடலாம், பயப்படாதீங்க.”

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், மனைவி பிடித்துக்கொண்டாள்.

“உயிரே போனாலும் இந்த வீராப்பு போகாதா உங்களுக்கு? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யார் இருக்கா?” சொல்லும்போதே அழுகை முட்டியது.

“வீராப்பா? எனக்கா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ஆபரேஷன் பண்ணினாரே, அந்தச் சின்ன டாக்டர், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“நான் கண்ணு முழிச்சப்ப சாப்பிடக்கூடப் போகாம, ஸ்டூலைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்துச்சு.”

“சரி, அதுக்குப் பொய் சொல்லணுமா?”

“அங்க மார்க் போடறாங்களேடி! நான் ஃபெயிலாகிட்டா அந்தப் புள்ளையை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”