வெட்டியெறிந்த மூச்சு

நாமக்கல் கோழித்தீவன அலுவலகத்தில் மாலை வெயிலில் மக்காச்சோளத் தூசு மிதக்கிறது. அங்கே போன் எடுக்கும் மைதிலியின் குரலைப் பதிவு செய்து, மூச்சுச் சத்தமெல்லாம் வெட்டியெறிந்து, தானாகவே பதில் சொல்லும் புதிய தொலைபேசியோடு இணைத்துவிட்டான் சேலத்திலிருந்து வந்த ஃபைஸான். முதல் அழைப்பு அவன் மடிக்கணினியில் இருவருக்கும் கேட்கிறது. "வணக்கமுங்க. தீவனம் வேணும்னா ஒன்னை அழுத்துங்க" என்கிறது அவள் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "வணக்கம் சாமி, சாப்ட்டீங்களா?" என்கிறார், மைதிலியை மகளைப்போல எப்போதும் 'சாமி' என்றே அழைக்கும் பண்ணைக்காரர் அப்புசாமி. குரல் மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொல்கிறது. அவர் எதையும் அழுத்தாமல் பதிலுக்குக் காத்திருக்கிறார். பின்னால் கோழிகளின் இரைச்சல் மழைபோலப் பெய்கிறது. "ஏனுங்க சாமி, எம்மேல கோவமுங்களா?" எதுவும் அழுத்தப்படாததால் அழைப்பு மைதிலியின் மேசைக்கே வருகிறது, பச்சை விளக்கு சிமிட்டுகிறது. அவள் ரிசீவரை எடுக்கிறாள். வெட்டியெறிந்த அந்த மூச்சு முதலில் அவரிடம் போய்ச் சேர்கிறது. பிறகுதான் சொல்கிறாள்: "சாப்ட்டேனுங்க. நீங்க?"