மைலோவில் கலந்த மாத்திரை

"அக்கா, நீங்க மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. ஏன் மறைச்சீங்க?"

ராகினியின் குரல் உயர்ந்துவிட்டது. புலாவ் செபாங் ஊர்த் தேவாலய மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லையே" என்றாள் ஸ்டெஃபனி.

"இவளா மாத்திரை சாப்பிடுவா? தலைவலிக்குப் பனடோலையே நாலா உடைச்சு, ரெண்டைத் துப்பிடுவா!" குறுக்கே விழுந்தார் ஸ்டெஃபனியின் மாமியார் சிசிலியா.

ரத்தம் கொடுத்த அன்றும் இப்படித்தான். மருமகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் இவரே பதில் சொன்னார்.

"ஆண்டி, அவங்க பேசட்டும்."

"பேசச் சொல்லு லா. நானா அவ வாயைப் பொத்துறேன்?"

ராகினிக்கு எரிச்சலாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பட்டம் வாங்கிக் கிடைத்த முதல் வேலை. வைட்டமின் மாத்திரை எதுவும் எடுக்காத, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் ஃபோலிக் சத்தை இரண்டு முறைகளில் அளந்து ஒப்பிட வேண்டும். எல்லாருக்கும் இரண்டும் ஒத்துப்போயின. ஸ்டெஃபனிக்கு மட்டும் இல்லை. காரணம் தெரியாவிட்டால், ஆய்வுக்கூடத்தில் ராகினிதான் தவறு செய்தாள் என்று ஆகிவிடும்.

"ரத்தத்தோட நீர்ல பார்த்தா, இப்போ சாப்பிடறது தெரியும். உங்களுக்கு அது சாதாரணமா இருக்கு. சிவப்பு அணுவில பார்த்தா, மூணு நாலு மாசத்துக்கு முந்தினதும் தெரியும். அது ரொம்ப அதிகம். அப்போ, ஃபோலிக் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியிருக்கீங்க."

ஸ்டெஃபனியின் முகம் வெளுத்தது. மாமியாரைப் பார்த்தாள். உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பிள்ளை வேணும்னு இருக்கறவங்களுக்கு கிளினிக்ல கொடுப்பாங்களே, அதுவா?" என்றார் சிசிலியா.

"ஆமா ஆண்டி."

"அது நான் கொடுத்தது. இவளுக்குத் தெரியாது. தூளாக்கி, இவ குடிக்கிற மைலோவில கலந்தேன். கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு. பேரப்பிள்ளை வேணாமா எனக்கு?"

"அத்தை!"

ராகினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒருத்தருக்குத் தெரியாம மருந்து கொடுக்கறது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?"

"தப்புதான். திட்டிக்கோ."

ஸ்டெஃபனி எழுந்து விடுவிடுவென்று வெளியே போனாள்.

ராகினி பேனாவை எடுத்தாள். "எப்போ ஆரம்பிச்சீங்க, எப்போ நிறுத்தினீங்க? இனிமேலாவது உண்மையைச் சொல்லுங்க."

சிசிலியா வாசலைப் பார்த்தார். மருமகள் தூரத்தில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் கொடுக்கலம்மா." குரல் இறங்கியிருந்தது. "கிளினிக்ல அவளே வாங்கினது. மாசமா இருந்தா. மூணு மாசம் தாண்டாம வெளியே சொல்லக்கூடாதுன்னு, மகனும் அவளும் என்கிட்டகூட மூச்சு விடல. அதுக்குள்ள கலைஞ்சு போச்சு."

"உங்களுக்கு எப்படி..."

"ஒரே வீடு, ஒரே பாத்ரூம். தெரியாம இருக்குமா?"

ராகினி பேனாவை மூடி வைத்தாள். இத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது.

"இனி உங்களைத் தப்பா நினைப்பாங்களே, ஆண்டி."

"நினைக்கட்டும். மாமியார்தானே."

"தெரியும்னு சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசலாமே?"

சிசிலியா மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவ அழறதை விட்டுட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வந்துடுவாம்மா."