காயும் வரை

விமானம் மறுபடியும் தரையில் கிடந்தது.

மகளின் அறை ஜன்னல் சாத்தியே இருந்தது. மின்விசிறியும் ஓடவில்லை. விமானத்தை மாட்டியிருந்த கயிறு மட்டும் கூரைக் கொக்கியில் சும்மா தொங்கியது.

இறக்கை முறிந்த விமானத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தார். மனைவி மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தாள்.

தக்கை போல லேசான மரத்தில் மகளே பார்த்துப் பார்த்துச் செய்தது. கடைசியாகப் பறக்கவிட்ட அன்று, மைதானத்து விளக்குக் கம்பத்தில் மோதி நொறுங்கியது. "அடுத்த வாரம் ஒட்டிக்கலாம்பா" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் அவளே இல்லை. ஒரு காய்ச்சல் வாரிக்கொண்டு போய்விட்டது.

அதோடு அவர் பேச்சும் போயிற்று. லிஃப்ட் பழுது பார்க்கப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வந்தவர் போனவரெல்லாம் பேசிப் பார்த்து ஓய்ந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்த நொறுங்கலை அள்ளிவந்து அவர் முன்னால் கொட்டினாள். ஒட்ட உட்கார்ந்தவர், மகள் நடை பழகியதில் ஆரம்பித்துப் பேசித் தீர்த்தார். இருவரும் அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள்.

ஒட்டி மாட்டியாயிற்று. மறுநாள் அவர் பழையபடி வாயை மூடிக்கொண்டார்.

விமானம் விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"அவதான் வந்துட்டுப் போறா, அண்ணா. ஆசை தீரல அவளுக்கு" என்றாள் அவர் தங்கை.

நம்பவில்லை என்றுதான் அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த அறைக் கதவைத் தாழிடுவதை விட்டுவிட்டார். உள்ளே நுழையுமுன் ஒருமுறை செருமினார்.

இப்போது பசைகளை எடுத்து வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் கவ்விக்கொள்ளும் சூப்பர் க்ளூ. இரண்டு டியூபையும் பிதுக்கிக் குழைக்கும் எபாக்ஸி; கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். அப்புறம் தச்சர்களின் வெள்ளைப் பசை. அது தன் இஷ்டத்துக்குத்தான் காயும்.

முறிவை விரலால் தடவிப் பார்த்தார்.

மோட்டார் இருக்கும் மூக்குதான் கனம். விழுந்தால் மூக்குதான் முதலில் தரையைத் தொடும். மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

இறக்கையில், முறிவுக்கு இரு பக்கமும், மெல்லிய மரத்தில் பிறை பிறையாக இரண்டு பள்ளங்கள். நகம் அழுந்திய தடம்.

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகுதான் உறைத்தது. அப்படியானால் மகள் வரவில்லை. ஒருமுறைகூட வரவில்லை.

எதிரே மனைவி செய்தித்தாளின் சுருக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுருக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"எதுல ஒட்டப் போறீங்க?" என்றாள், நிமிராமல்.

அவர் சூப்பர் க்ளூவை நகர்த்தி வைத்தார். எபாக்ஸியையும் நகர்த்தினார். வெள்ளைப் பசையின் மூடியைத் திருகினார்.

"இதுலதான். காய சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் நீதான் அசையாம பிடிச்சுக்கணும்."

அவள் கை நீட்டி வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய கட்டைவிரல்கள் எங்கே போய்ப் பொருந்தின என்பதை அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேச ஆரம்பித்தார்.