போனைப் பெண்ணிடம் கொடுங்கள்

"போனைப் பொண்ணுகிட்ட குடுங்க சார்."

ஹெட்டி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போன் பஞ்சில் முன்பு உட்கார்ந்திருந்தவனின் வியர்வை பிசுபிசுத்தது. பக்கத்து மேஜைக்காரன் முட்டை சாண்ட்விச்சை வாயில் அடைத்துக்கொண்டே போன் பேசினான். அதைவிட அருவருப்பாக இருந்தது, மறுமுனையில் குழைந்துகொண்டிருந்த ஆண்குரல்.

"நான்தாங்க மேடம் படிக்கப்போறேன். பேரு ஆஷ்லி த்ரெல்ஃபால். வானியற்பியல், அடிப்படை ஆண்டோட சேர்த்து..."

ஹெட்டிக்குத் தெரிந்த ஆஷ்லிகள் எல்லாரும் பெண்கள்.

ஆகஸ்டு மாத வியாழக்கிழமை. பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வந்த காலை. மதிப்பெண் குறைந்தவர்களும் மனம் மாறியவர்களும் மிச்சமிருக்கும் இடங்களுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குப் போன் அடித்துத் தள்ளும் நாள். இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த இந்தப் பல்கலைக்கழகமும் உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜைகளைப் போட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போகாத மாணவர்களைப் போன் எடுக்க உட்கார வைத்திருந்தது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். படிக்கப்போகிறவர்தான் பேச வேண்டும், பெற்றோர் பேசினால் இடம் கிடையாது.

அதனால் என்ன ஆயிற்று? காலையிலிருந்து அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள். ஒரு அம்மா குரலைத் தடிப்பாக்கித் தன்னைப் பையன் என்றாள். ஒரு அப்பா தனக்குத் தொண்டை கட்டியிருப்பதாக இருமிக் காட்டினார். சரிபார்க்கலாம் என்றால், வருஷாவருஷம் படுப்பதுபோல இந்த வருஷமும் கணினி படுத்துவிட்டது. பெற்ற பிள்ளையை ஒரு போன் பேசக்கூட விடாத இந்த ஜென்மங்களை நினைத்தாலே ஹெட்டிக்கு எரிச்சலாக இருந்தது.

அவளும் அடிப்படை ஆண்டு வழியாக வந்தவள்தான். பள்ளியில் இயற்பியலில் கோட்டைவிட்டு, இப்படி ஒரு வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி தானே போன் பேசி இடம் வாங்கினாள். ஒரு வருஷம் கணக்கையும் இயற்பியலையும் முதலிலிருந்து படித்துத் தேறிய பிறகுதான் வானியற்பியல் வகுப்புக்குள் விட்டார்கள். அவளுக்காக யாரும் பொய் சொல்லவில்லை.

"பயப்படாம சொல்லுப்பா!" போனுக்குள் ஒரு பெண்பிள்ளையின் கிசுகிசுப்பு கேட்டது.

ஹெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்ணைப் பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டுப் பொய் வேறயா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"மேடம், சத்தியமா நான்தான்..."

"காலையிலேர்ந்து எல்லா அப்பாவும் இதே சத்தியம்தான் பண்றாங்க. நாளைக்குப் பரீட்சை எழுதவும் நீங்களே வருவீங்களோ?"

"ஆமாங்க. நான்தானே எழுதணும்?"

"அடச்சீ!" என்றாள் ஹெட்டி, வாய்விட்டே. என்ன துணிச்சல்! இந்த ஆளிடம் இனி மரியாதை ஒரு கேடா?

மேற்பார்வையாளர் காலின் அவள் பக்கம் திரும்பி ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போனார். அந்தப் படிப்பில் மிச்சமிருப்பது ஒரே இடம்.

"இங்க பாருங்க. இருக்கிறது ஒரு சீட்டு. இனி நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் நான் வச்சிருவேன், சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும். பொண்ணுகிட்ட குடுங்க."

 அந்தக் குரல் போனைவிட்டு விலகிப் பேசியது. "கண்ணு, அவங்க உன்கிட்டதான் பேசுவாங்களாம். கேக்குறதுக்கெல்லாம் டக்டக்குனு பதில் சொல்லு. சீட்டு போயிரக் கூடாதும்மா."

"ஹலோ..." மெல்லிய குரல் நடுங்கியது. அப்பன் இப்படி நசுக்கி வைத்திருந்தால் பாவம், குரல் எங்கிருந்து வரும்?

"பயப்படாதடா. சும்மா ரெண்டு கேள்விதான். சூரியன் எப்படி எரியுது?"

"அது எரியலக்கா. நடுவுல ஹைட்ரஜன் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஹீலியமா மாறுது. அந்தச் சக்திதான் வெளிச்சமா வருது."

ஹெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எக்ஸ் ஸ்கொயர் நாப்பத்தொம்பது. எக்ஸ் எவ்வளவு?"

"ஏழு. மைனஸ் ஏழும் வரும். அதைத்தான் மறந்துருவாங்க."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. தினமும் சமையலறை மேஜையில அப்பாவும் நானும் உக்காந்து போட்டுப் பாப்போம்."

"சரி, இந்த சீட்டு கிடைக்கலன்னா?"

"அப்புறம் மீன் ஃபாக்டரிதான். எங்க ஊர்ல வேற என்ன இருக்கு? ஆனா கிடைச்சிரும்னு ரெண்டு வருஷமா வீட்டுல இதே பேச்சுதான்க்கா. தயவுசெஞ்சு குடுத்துருங்க."

இவ்வளவு தெளிவான பிள்ளையின் வாயை அடைத்துவிட்டுத் தான் பேச வந்த மனுஷனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடக் கூடாது என்று ஹெட்டி நினைத்துக்கொண்டாள். காலினைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"சீட்டு குடுத்தாச்சு! செப்டம்பர்ல வந்து சேந்துக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே எதுலயும் உங்கப்பாவைத் தலையிட விடாத."

அவள் சொன்ன கடைசி வார்த்தைகள் அங்கே யார் காதிலும் விழுந்திருக்காது. "அப்பா! கிடைச்சிருச்சுப்பா!" என்று ஓர் அலறல். அதைத் தொடர்ந்து அந்த ஆள் தேம்பித் தேம்பி அழும் சத்தம். ஹெட்டி முகம் சுளித்தாள். பொய் சொன்ன வாய்க்கு இப்போது அழுகை வேறு!

"அக்கா, அப்பாகிட்ட குடுக்கிறேன். என்னைக்கு வரணும், என்ன கொண்டு வரணும்னு சொல்லிருங்க."

"அவர் எதுக்கு? படிக்கப்போறது நீதானே?"

"நானா? எனக்குப் பதிமூணு வயசுதான்க்கா ஆகுது!"