அறுபத்தெட்டாம் வருஷத்து ஏசி

பழைய கேரவன் வீட்டுவண்டிகளை வைத்திருப்பவர்கள் கூடியிருக்கும் முகாமில், தன் வண்டியின் கூரைமேல் மண்டியிட்டு ஏசியின் மூடியைக் கழற்றியிருக்கிறார் டெல்பர்ட். டெக்சாஸ் வெயில் அலுமினியத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. உள்ளே கட்டிலில் அவர் மனைவி லோர்னா, கிழட்டு நாயின் வயிற்றில் ஈரத் துண்டைப் போட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மூச்சு இரைக்கிறது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரசர் மட்டும் ஒருமுறை உறுமி, யோசித்து, அடங்கிவிடுகிறது. இறங்குவது அனல்தான். ஏணியில் ஏறி நிற்கும் பக்கத்து வண்டி வென்டெலின் குரல் கேட்கிறது.

"கெப்பாசிட்டர் பூரி மாதிரி உப்பிப்போச்சு, டெல். எங்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷ வேலை."

"புதுசா? இந்த வண்டியில ஆணிகூட அறுபத்தெட்டாம் வருஷத்து அசல். சாயங்காலம் ஜனங்க சுத்திப்பாக்க வர்றாங்க."

"மூடிக்குள்ள இருக்கறத எவன்யா பாக்கப்போறான்?"

"எனக்குத் தெரியுமே."

நீதிமன்றக் கூண்டில் நின்று சத்தியம் செய்கிற குரல். லோர்னாவுக்கு அது பழக்கம். அசல் அடுப்பு அவள் புருவத்தைத் தீய்த்த அன்றும் இதே குரல்தான். நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கி, வெயிலில் நின்று மேலே பார்க்கிறாள்.

"டெல், நாங்க ரெண்டு பேரும் வென்டெல் வண்டிக்குப் போறோம். ஜனங்க வந்தா, அறுபத்தெட்டுல மனுஷங்க எப்படி வெந்தாங்கன்னு நீயே உள்ள உக்காந்து காட்டு."

மேலே ஸ்பேனர் சத்தம் நிற்கிறது. நாய் அவள் கழுத்தில் சுடச்சுட மூச்சு விடுகிறது. கூரையின் விளிம்புக்கு வெளியே ஒரு கை மட்டும் நீள்கிறது.

"அந்தப் புதுச் சனியனக் குடு, வென்டெல். யாராவது வர்றாங்களான்னு மட்டும் பாத்துக்க."